ஒன்றரைக் குட்டி உயரக் கதவு

குட்டி ஐந்து வயதில் மேடை ஏறினாள். ஏறினாள் என்று சொல்வதுகூடத் தப்பு, தூக்கி வைத்தார்கள். அதுவரை அந்த வேடம் போட்டுக்கொண்டிருந்த குழந்தை, நாடகத்தின் உருக்கமான கட்டத்தில் கதாநாயகனின் ஆள்காட்டி விரலை நறுக்கென்று கடித்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் மூன்றாவது வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மனிதர் ஒருவர் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல், தன் வீடு வரைக்கும் ஓடிவிட்டார். மறுநாள் காட்சிக்கு அவசரமாகக் குழந்தை வேண்டும். கம்பெனியில் கடிக்காத குழந்தை என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கம்பெனியின் தச்சருக்கும் தையல்காரிக்கும் பிறந்து, உடுப்புப் பெட்டிக்குள் தூங்கி, மரத்தூளில் புரண்டு வளர்ந்த இவள்.

அந்தக் கம்பெனி வருஷத்தில் பதினோரு மாதம் ஊர் ஊராகப் போய் ஒரே நாடகத்தைப் போட்டது. நாடகத்துக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஜனங்கள் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் 'கால் நாடகம்' என்றே சொன்னார்கள். கடைசிக் காட்சிதான் காரணம். வீட்டை விட்டு ஓடிப்போகிற அப்பா, பெட்டியும் கையுமாக வாசலுக்குப் போவார். அவருடைய நாற்காலியில் குழந்தை ஏறி உட்கார்ந்து, தொங்குகிற காலை ஆட்டிக்கொண்டே, "அப்பா, எனக்கு எப்போப்பா கால் தரையைத் தொடும்?" என்று கேட்கும். அவ்வளவுதான். அப்பாவின் கையிலிருந்து பெட்டி தொப்பென்று விழும். ஜனம் அழும். சும்மா அழுகையா அது? ஆளுக்கு இரண்டு துண்டு கொண்டுவருவார்கள். காட்சி முடிந்தபின் கொட்டகையைக் கழுவ வேண்டிய வேலையே இல்லை, துடைப்பத்தால் தள்ளிவிட்டால் போதும்.

குட்டிக்கு அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லி ஒரே வருஷத்தில் அலுத்துவிட்டது. அவளுக்குக் கண்ணெல்லாம் அக்கா வேடத்தின் மேல். நாடகத்தில் அக்காவுக்குப் பதினாறு வயது. தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டே வருவாள், வாடகை கேட்டு வருகிற வீட்டுக்காரரைச் செருப்பெடுத்து விரட்டுவாள், மூன்று இடத்தில் அழுவாள், ஒரு இடத்தில் மயங்கி விழுவாள். மயங்கி விழுகிற வேடம் கிடைக்க ஒரு குழந்தை என்னதான் செய்யாது! ஆனால் அந்த வேடம் முதலாளியின் மனைவியிடம் இருந்தது. நிஜத்தில் அவருக்கு அப்போதே முப்பத்தைந்து. உயரம் நாலரை அடி. எல்லோரும் அவரைச் சின்னக்கா என்று கூப்பிட்டார்கள், முதலாளி உட்பட.

ஒரு நாள் ஒப்பனை அறையில் குட்டி முதலாளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அக்கா வேஷம் எனக்குக் குடுங்க."

"உனக்கா? நாற்காலியில உக்காந்தா கால் தரைக்கு வரல. நீ அக்காவா?"

"வந்தா குடுப்பீங்களா?"

"உன் கால் என்னைக்குத் தரையைத் தொடுதோ, அன்னைக்கே அக்கா வேஷம் உனக்கு. இது என் மீசை மேல சத்தியம்."

முதலாளிக்கு மீசை கிடையாது. அது அன்றைக்குக் குட்டிக்குத் தோன்றவில்லை. சின்னக்கா கண்ணாடியைப் பார்த்துப் பவுடர் பூசிக்கொண்டே, "குடுத்துரலாம், குடுத்துரலாம். நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்று சிரித்தார்.

அன்று முதல் குட்டி வளருவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டாள். உத்திரத்தைப் பிடித்துத் தொங்கினாள். கிடைத்ததையெல்லாம் தின்றாள். தினமும் கடைசிக் காட்சியில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும், யாருக்கும் தெரியாமல் கால் கட்டைவிரலை நீட்டித் தரையைத் தேடுவாள். ஆறு வயதில் தேடினாள், கிடைக்கவில்லை. எட்டு வயதில் தேடினாள், இல்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு... தரை அதே இடத்தில், அதே முக்கால் சாண் தூரத்தில், அவளைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் அவளுடைய அப்பா. ஆனால் பாவம், அது அவருக்கே தெரியாது.

அப்பா அசல் தச்சர். மரம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். எண்கள்தான் கேட்காது. அடி, அங்குலம் என்றால் அவருக்கு மயக்கம் வரும். அளவு நாடாவைப் பாம்பைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து, தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். அவருக்கு ஒரே ஒரு அளவுதான். அது குட்டி.

ஒவ்வொரு வருஷமும் ஒரு மாத விடுமுறையில் மேடைச் சாமான்களைப் புதிதாகச் செய்வார்கள். பதினோரு மாதம் லாரியில் குலுங்கியதில் பழசெல்லாம் ஆட்டம் கண்டிருக்கும். முதல் நாள் காலையில் அப்பா நீளமான பலகையைத் தரையில் போட்டு, "குட்டி, வந்து படுடா கண்ணு" என்பார். அவள் படுத்ததும் தலைக்கு ஒரு கோடு, குதிகாலுக்கு ஒரு கோடு சாக்கட்டியால் இழுப்பார். இடையில் இருக்கிற தூரம் ஒரு குட்டி. கதவு ஒன்றரைக் குட்டி உயரம். மேசை அரைக் குட்டி. நாற்காலி குட்டியில் மூன்றில் ஒரு பங்கு. நாடக அப்பாவின் பெட்டி, கூஜா, குடை, சீப்பு எல்லாமே குட்டிக் கணக்கு. வேலை முடிந்ததும் பலகையை இழைப்புளியால் ஒரே சீவாகச் சீவிவிடுவார். போன வருஷக் கோடு எங்கே இருந்தது என்று கேட்டால் கடவுளுக்கே தெரியாது.

ஆக, குட்டி ஒரு விரல்கடை வளர்ந்தால் நாற்காலியும் கூடவே வளர்ந்தது. அவள் ஒரு சாண் வளர்ந்தால் கதவு ஒன்றரைச் சாண் வளர்ந்தது. மேடையில் அவள் ஐந்து வயதில் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள்.

அது சரி, பக்கத்தில் நிற்கிற மனுஷருக்குக் கண் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கண் இருந்தது. ஆனால் நாடகக்காரர்கள் கண்ணைவிட மேடைச் செட்டை நம்புகிறவர்கள். அட்டையில் வரைந்த கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டு, தாகம் தீர்ந்தது என்று சொல்கிற கூட்டம் அது.

அப்பா வேடம் போட்டவர் ஆறடி உயரம், அதில் நாலடி கால். கொக்கு என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். முதல் வருஷம் அந்தக் கதவில் நன்றாகக் குனிந்துதான் நுழைவார். அவர் குனிகிற அழகுக்கே கைதட்டல் விழும். மூன்றாம் வருஷம் லேசாகத் தலையைச் சாய்த்தால் போதும் என்றாகிவிட்டது. ஐந்தாம் வருஷம் நிமிர்ந்தே நுழைந்தார். எட்டாம் வருஷம் தலைக்கு மேல் கையைத் தூக்கினால்தான் நிலை எட்டியது. மனுஷர் இடிந்துபோனார்.

"நான் சுருங்கிட்டே வர்றேன்" என்று முதலாளியிடம் வந்து அழுதார். "பெட்டிய இடுப்பு உசரத்துக்குத் தூக்குவேன். இப்ப அதைத் தரையில இழுத்துட்டுப் போறேன். எனக்கு என்னமோ வியாதி."

"டாக்டரைப் பார்த்தியா?"

"பார்த்தேன். அளந்துட்டு, அதே ஆறடிதான்னு சொல்றான்."

"அப்புறம் என்ன?"

"அவன் அளவுகோலும் சுருங்கியிருந்தா?"

முதலாளி யோசித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, தன் வேட்டி தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

சின்னக்காவுக்கோ நேர்மாறு. வருஷத்துக்கு வருஷம் மேசை உயர்ந்தது, நிலைக்கண்ணாடி உயர்ந்தது, தான் மட்டும் சிறுசாகிக்கொண்டே போவதைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். "முப்பத்தஞ்சுல கொஞ்சம் முத்தலா இருந்தேன். நாப்பத்தி மூணுல பாரு, அசல் பதினாறு!" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குட்டியின் அம்மாவாவது கவனித்திருக்கலாம். வருஷா வருஷம் கவுன் இறுகிப்போவதை அவளும் பார்க்கத்தான் செய்தாள். "எந்த ஊர்த் தண்ணியில போட்டாலும் துணி சுருங்குது. கடைக்காரன் நல்லா ஏமாத்துறான்" என்று சொல்லிவிட்டுப் புதுசு தைத்தாள்.

இப்படியே குட்டிக்குப் பதின்மூன்று வயது வந்துவிட்டது. அவளுடைய நினைப்பில் அவள் இன்னும் ஐந்துதான். வளராத பிறவி என்று முடிவுகட்டியிருந்தாள். யாராவது வயதைக் கேட்டால் வாயைக் கோணிக்கொண்டு அழுவாள். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் விஷயம் எப்போதோ விளங்கியிருக்கும். கம்பெனியில் சாதாரண நாற்காலி ஏது? சாப்பாடு தரையில், தூக்கம் பெட்டி மேல், பயணம் லாரியில் சாமான் மூட்டை மேல்.

ஒரு நாள் காலையில் பட்டன் தீர்ந்துபோனது. அம்மாவுக்குக் கை ஒழியவில்லை. "நேரா பஸ் ஏறி, கடைத்தெருவில இறங்கி, வெள்ளைப் பட்டன் ரெண்டு டஜன் வாங்கிட்டு வா" என்று குட்டியை அனுப்பினாள். தனியாகப் பஸ் ஏறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

ஏறினதும் கண்டக்டரிடம், "ஒரு அரை டிக்கெட்" என்றாள்.

கண்டக்டர் அவளைக் கீழிருந்து மேலே பார்த்தார். அப்புறம் மேலிருந்து கீழே பார்த்தார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"மீதி அரை எங்க வருது? பின்னாடி பஸ்லயா?"

"நான் சின்னப்புள்ளங்க."

"யாரு, நீயா? அண்ணே," என்று டிரைவரைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க, உங்களவிட ஒரு பிடி உசரமா ஒரு பாப்பா ஏறியிருக்கு. பால் புட்டி இருந்தா குடுங்க."

பஸ்ஸே சிரித்தது. குட்டிக்குக் காது சிவந்துவிட்டது. முழு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய், காலியாக இருந்த இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே சிலையாகிவிட்டாள். இரண்டு பாதமும் தரையில் இருந்தன. கட்டைவிரல் நுனி இல்லை, குதிகாலோடு முழுப் பாதம். ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள், மறுபடியும் வைத்துப் பார்த்தாள். தொட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாக, "இது குழந்தைங்க பஸ்ஸாக்கா?" என்று கேட்டாள்.

"அக்காவா? நான் உன்னைவிட ரெண்டு வயசு சின்னவளாத்தான் இருப்பேன்" என்றாள் அந்தப் பெண்.

கடைத்தெரு வந்தது, போனது. குட்டி இறங்கவில்லை. அந்தப் பஸ்ஸில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நாலு தடவை போய்வந்தாள். ஒவ்வொரு இருக்கையாக மாறி மாறி உட்கார்ந்தாள். எல்லாவற்றிலும் தொட்டது. பட்டன் இல்லாமலே திரும்பி வந்து, நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நாற்காலிக்கு அளவு எங்கருந்து எடுக்குற?"

"இதென்ன கேள்வி? உன்னை வச்சுத்தான்."

"அஞ்சு வயசுல எடுத்ததா?"

"சேச்சே. பழைய அளவ வச்சு வேலை செய்றவன் தச்சனா? வருஷா வருஷம் புதுசா எடுப்பேன்ல!" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

அவ்வளவு பெருமையாகச் சொன்ன மனுஷரிடம் எப்படி விளக்குவது? சொன்னாலும் அவருக்குக் கணக்கு ஏறாது. முதலாளியிடம் சொன்னால் பஸ் நாற்காலி செல்லாது என்று சொல்லிவிடுவார். சத்தியம் செய்தது மேடை நாற்காலிக்கு. குட்டி வாயை இறுக மூடிக்கொண்டாள். விடுமுறைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

பலகை போடுகிற நாள் வந்தது. குட்டி அம்மாவின் நீளப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து குப்புறப் படுத்தாள். படுத்ததும் முழங்காலை மடக்கிக் காலைப் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டாள். மேலே பாவாடை கூடாரம் மாதிரி நின்றது. முழங்கால் முடிகிற இடத்தில் தன்னுடைய செருப்பு இரண்டையும் அழகாக நிறுத்தி வைத்திருந்தாள்.

அப்பா வாயில் ஏழெட்டு ஆணியைக் கவ்விக்கொண்டு, ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வந்தார். தலைக்கு ஒரு கோடு. செருப்புக்கு ஒரு கோடு. "ம்ம்" என்றார். கூடாரத்தைப் பார்த்தார்.

"என்னடா இது, முதுகுல மலை முளைச்சிருக்கு?"

"காத்துப்பா."

"சரி, எந்திரி" என்று சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்தார்.

விடுமுறைக்குப் பின் முதல் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாமான்கள் நேராக மேடைக்கே வந்து இறங்கின. யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. ஒன்பது வருஷமாகப் போடுகிற நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பது அவமானம் என்பது முதலாளியின் கொள்கை.

திரை விலகியது. கொக்கு வழக்கம்போல் நிமிர்ந்த நடையாக வீட்டுக்குள் நுழைந்தார். ணங்! நிலைக்கட்டை நெற்றியில் இடித்த சத்தம் டிக்கெட் கவுண்டர்வரை கேட்டது. இரண்டடி பின்னால் போய் விழுந்தவர், கதவை நிமிர்ந்து பார்த்தார். நெற்றி வீங்கிக்கொண்டிருக்கும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்தது. "வளந்துட்டேன்!" என்று கத்தினார். வசனத்தில் அது இல்லை. அவர் பெண்டாட்டியோடு சண்டை போடவேண்டிய கட்டம். "வளந்துட்டேன்டி! டாக்டரு சொன்னது நெசம்!" என்று நாடகப் பெண்டாட்டியைக் கட்டிப்பிடித்தார். சண்டை நடக்கவில்லை.

அடுத்து சின்னக்கா, தங்கையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். தூக்குவது என்றால் பல வருஷமாக இழுத்துக்கொண்டு வருவதுதான். குட்டியின் இடுப்பில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு நடப்பார். கனமாகிவிட்டதே என்று கேட்டால் 'நடிப்பின் கனம்' என்பார். அன்று இழுத்துக்கொண்டு வந்து நிலைக்கண்ணாடி முன் நின்றவருக்கு, கண்ணாடியில் கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது. குனிந்து பார்த்தார். அப்போதுதான் தன் முகத்துக்குப் பக்கத்தில் குட்டியின் தோள்பட்டை இருப்பதைக் கண்டார். அந்தக் கட்டத்தில் அக்கா மயங்கி விழக்கூடாது. விழுந்துவிட்டார்.

ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துண்டுகள் எல்லாம் மடித்தபடியே மடியில் இருந்தன. முதலாளி திரைக்குப் பின்னால் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி வந்தது. கொக்கு ஒற்றை விரலில் பெட்டியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். குட்டி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் பலகையில் பளிச்சென்று பதிந்தன. முழங்கால் வயிற்றுக்கு நேராக வந்து நின்றது. கொட்டகை அமைதியாகிவிட்டது.

அந்த வரியை எத்தனையாயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். இன்று அது வாய்வரை வந்து, நுனிநாக்கில் நின்றுகொண்டு, வெளியே வரமாட்டேன் என்றது.

"அப்பா" என்றாள். "தொட்டுருச்சுப்பா."

கொக்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொடவில்லை என்றால் பெட்டியைப் போடவேண்டும். தொட்டுவிட்டால்? அவர் பெட்டியை ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு மாற்றினார். "அப்படியா, நல்லதும்மா. இனி நீயே வீட்டைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு, கதவில் மறுபடியும் ஒரு ணங்கோடு வெளியே போய்விட்டார். நாடகம் முடிந்தது. ஒன்பது வருஷமாக ஓடிப்போகாத அப்பா, அன்றைக்கு ஓடியேபோனார்.

ஒப்பனை அறையில் பூகம்பம். முதலாளி தச்சரின் சட்டையைப் பிடித்தார்.

"யோவ், என்னய்யா செஞ்சு வச்சிருக்க? பொம்மை வீடா?"

"அளவு சரியாத்தான் எடுத்தேன் முதலாளி. ஒரு குட்டின்னா ஒரு குட்டி."

"அவரைத் திட்டாதீங்க மாமா" என்று குட்டி நடுவில் புகுந்தாள். "நான்தான் காலை மடக்கிப் படுத்தேன்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம். "அளவுலயா பொய் சொன்ன?" என்றார். "சோத்துல சொல்லு, தூக்கத்துல சொல்லு. அளவுல போய் பொய் சொல்லலாமா குட்டி?"

"நிஜ அளவு படுத்தா எனக்கு எந்த ஜென்மத்துலயும் கால் எட்டாதுப்பா!"

அப்பாவுக்குப் புரியவில்லை. அவளைச் சுவரோரமாக நிமிர்ந்து நிற்கச் சொன்னார். தலைக்கு மேல் சாக்கட்டியால் கோடு போட்டார். அப்புறம் அவளை நகர்த்திவிட்டு, தானே அந்த இடத்தில் நின்று தடவிப் பார்த்தார். கோடு அவர் புருவத்தில் இருந்தது. சாக்கட்டி கையிலிருந்து விழுந்தது.

"எப்படா இவ்வளவு வளந்த? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீதானப்பா அளந்த!"

கம்பெனி மொத்தமும் வந்து அவளைச் சுற்றி நின்றது. இப்போதுதான் புதிதாகச் சேர்ந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அம்மா மட்டும், "அப்ப கடைக்காரன் ஏமாத்தலையா?" என்று முணுமுணுத்தாள்.

"சத்தியம் பண்ணீங்க மாமா" என்றாள் குட்டி. "மேடை நாற்காலி. ரெண்டு காலும். நானூறு பேர் பார்த்தாங்க."

முதலாளி இல்லாத மீசையைத் தடவினார். "சொன்னேன்தான். ஆனா நீ அக்கான்னா குழந்தை எங்க போறது? நாளைக்கு மதியக் காட்சிக்கு அத்தனை டிக்கெட்டும் போயாச்சு. குழந்தை இல்லாம கால் நாடகம் ஏது?"

சின்னக்காவுக்கு மயக்கம் தெளிந்துவிட்டிருந்தது. "நான் எங்க போறது, அதைக் கேளுங்க முதல்ல!" என்று ஓலமிட்டார். "காலையில பதினாறா இருந்தேன். மதியம் நாப்பத்தி மூணு ஆக்கிட்டீங்க. ஒரே நாள்ல இருபத்தேழு வருஷம் எந்தப் பொம்பளைக்காவது ஏறுமா? அம்மா வேஷம்னு யாராவது வாயத் திறந்தீங்க, பவுடர் டப்பாவாலயே அடிப்பேன்!"

அறையில் உட்கார வேறு எதுவும் இல்லை. விறகுக்கு உடைக்கலாம் என்று போட்டிருந்த போன வருஷத்து நாற்காலி மூலையில் கிடந்தது. சின்னக்கா அதில் ஏறினார். ஏறத்தான் வேண்டியிருந்தது, அவ்வளவு உயரம். ஏறி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுகிற வேகத்தில் கால் இரண்டும் முன்னும் பின்னுமாக ஆடின.

தரையிலிருந்து ஒரு சாண் மேலே.

நெற்றியில் ஈரத்துணியோடு அந்தப் பக்கமாக வந்த கொக்கு, ஆடுகிற காலைப் பார்த்தார். பழக்கதோஷம், கையிலிருந்த பெட்டி தொப்பென்று விழுந்தது. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைப் பார்த்து முதலாளிக்கும் மூக்கு அடைத்தது. ஒவ்வொருவராகத் துண்டைத் தேடினார்கள்.

சின்னக்கா விரல் சந்து வழியாக எல்லோரையும் பார்த்தார். அழுகை நின்றது.

"என்ன எல்லாரும் அப்படிப் பார்க்குறீங்க?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அஞ்சு வயசா?"

"கவுன் இருக்குக்கா" என்றாள் அம்மா. "நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி குட்டிக்குத் தைச்சது. கொஞ்சம் பிரிச்சுவிட்டா பத்தும்."

"முன்னாடி ரெண்டு பல்லு வேற விழுந்து கிடக்கு" என்றார் சின்னக்கா. "நாளைக்குக் கட்டுப்பல்லைக் கழட்டி வச்சிரலாம். அஞ்சாறு வயசுக்கு அது பொருத்தமா இருக்கும்ல?" முகம் பூவாக மலர்ந்துவிட்டது. பதினாறிலிருந்து ஐந்துக்கு இறங்குகிற பாக்கியம் உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மறுநாள் போன வருஷச் சாமான்களை ஆணி அடித்து நிமிர்த்தி மேடையில் வைத்தார்கள். கொக்கு மறுபடியும் சுருங்கிப்போன வருத்தத்தில் அற்புதமாக நடித்தார். உள்ளே குட்டி அக்காவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். அக்காவின் வசனம் அத்தனையும் எட்டு வருஷமாக அவளுக்கு மனப்பாடம். அக்கா மேடைக்கு வரவேண்டிய மணி அடித்தது. அவள் குனிந்து, ரிப்பன் கட்டின சின்னக்காவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நாலரை அடி, அறுபத்தெட்டுக் கிலோ. இடுப்பு ஒரு தடவை 'நறுக்' என்றது.

"ஏய், கெட்டியாப் பிடிடி. வழுக்குது" என்று சின்னக்கா காதில் கிசுகிசுத்தார். "வாசப்படியில வலது காலை வை. அந்த விளக்கு வந்ததும் நிக்கணும், அங்கதான் கைதட்டல் வரும். அப்புறம் என் முகத்தை மறைக்காத..."

"வாய மூடுங்க சின்னக்கா" என்றாள் குட்டி. "நீங்க இந்தக் காட்சியில தூங்குறீங்க."

சின்னக்கா சட்டென்று கண்ணை மூடி, அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். குட்டி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விளக்குக்குள் நடந்தாள்.